நுரைமன்னனின் குளியல் திருவிழா

“அநியாயம்யா இது! அந்த அணிலு என்னய்யா பாவம் பண்ணுச்சு?”

வைத்தியலிங்கம் போட்ட சத்தத்தில் வீட்டுப் பேச்சையெல்லாம் சுவரில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருக்கும் வீட்டுக்காது குழம்பிப்போய், கூடத்து விளக்கை ஒருமுறை அணைத்து ஏற்றியது. மதுரை பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். லேட்டாக வண்டி எடுக்கும் டிரைவர்களை மிரட்டியே பழகிய தொண்டை. இப்போது மிரட்டுவதற்கு அவருக்கு வாய்த்திருப்பவை ‘பணியாரத் தீவு’ விளையாட்டின் கரடிகளும் முயல்களும்தான். கூடத்தின் நடுவே காற்றில் விரிந்திருந்த ஒளித்திரையில் அவை கைகோத்து ஆடிக்கொண்டிருந்தன.

அவருடைய மகள் கயல் என்கிற அங்கயற்கண்ணி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அலுவலக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். சிறுவர் விளையாட்டுச் சான்று வாரியத்தில் அவள் மதிப்பீட்டாளர். பணியாரத் தீவின் புதிய பதிப்பு அவளிடம்தான் சான்றுக்கு வந்திருந்தது. வெளியாவதற்கு முன்பே அதை ஆடிப் பார்ப்பது அப்பாவுக்கு ஒரு பெருமை.

“என்னப்பா ஆச்சு?”

“நீயே வந்து பாருத்தா.”

தீவின் வில்லன் நுரைமன்னன். தொப்பையும் சோப்புக் கிரீடமுமாக வழுக்கி விழுந்துகொண்டே இருப்பவன். பழைய பதிப்புகளில் அவன் பணியாரம் திருடுவான், மாட்டிக்கொள்வான், எல்லோரும் சிரிப்பார்கள். இந்த முறை அவன் எதையும் திருடவில்லை. குளியல் திருவிழா நடத்தினான். எல்லோரும் பாட்டுப் பாடியபடி நுரைக்குளத்தில் இறங்கித் தலைமுழுகினார்கள். எழுந்தபோது குடை தைக்கும் அணில் ஆராயியை ஒருவருக்கும் நினைவில்லை.

ஆராயி சாகவில்லை. அங்கேயேதான் நின்றாள். கையாட்டினாள். யாரும் பார்க்கவில்லை. அவள் சாப்பிடும் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்கள். அவள் வீட்டில் ஜாம் பாட்டில்களை அடுக்கினார்கள். ஊர்ப் படத்தில் அவள் நின்ற இடம் காலியாகத் தெரியாமல் இருக்க மற்றவர்கள் கொஞ்சம் நெருங்கி நின்றுகொண்டார்கள். அணில் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே போனது. பின்னால் அதே குதூகலமான பாட்டு.

“நுரைக்கதவு வரைக்கும் போயி, பேரச் சொல்லிக் கூப்பிட்டா வந்துருமாம். அந்தக் கதவத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்” என்றார் அப்பா. “இத புள்ளைங்க பாத்தா என்னத்துக்கு ஆகும்? நீ இதுக்குச் சான்று குடுத்துராத.”

கயல் மேசைக்குத் திரும்பி இயல்புமானியைப் பார்த்தாள். கடுமை: சுழியம்.

இயல்புமானி வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் எது பிள்ளைகளுக்குக் கடுமை, எது இல்லை என்று மதிப்பீட்டாளர்கள் உட்கார்ந்து மணிக்கணக்காகச் சண்டை போடுவார்கள். அலுத்துப்போன அரசு ஒரு பொறியைச் செய்யச் சொன்னது. வீட்டுக்காதுகள் பல வருடமாகக் கேட்ட குரல்களை அதற்கு ஊட்டினார்கள். எந்தச் செயல் வீடுகளில் சலனமில்லாமல் நடக்கிறதோ அது இயல்பு. எது நடந்தால் மனிதக் குரல் நடுங்குகிறதோ அது கடுமை. அவ்வளவுதான் அதன் கணக்கு. முதல் வாரமே முத்தத்துக்கு ஏழும், அம்மா முதுகில் வைக்கும் அடிக்கு ஒன்றும் கொடுத்தது. வாரியத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனாலும் அதையே வைத்துக்கொண்டார்கள். சண்டை போடுகிற வேலை மிச்சம்.

சிறுவர் சான்றுக்குச் சுழியம் வேண்டும். நுரைமன்னன் சுழியம்தான் வாங்கியிருந்தான்.

கயல் விளையாட்டைச் செய்த நிறுவனத்தின் அருள்தாசை அழைத்தாள்.

“அந்தக் குளியல் சீன் யார் எழுதினது?”

“யாரும் எழுதல மேடம். நுரைமன்னன இப்போ வில்லன்மதிங்கிற செயற்கை மூளைதான் ஓட்டுது. எவ்வளவு கெட்டவனா வேணா இரு, ஆனா இயல்புமானியில சுழியத்தத் தாண்டக் கூடாதுன்னு மட்டும்தான் நாங்க சொன்னோம். அதுவா தேடிக் கண்டுபிடிச்சிருக்கு.”

“எங்கேருந்து?”

“வீட்டுக்காதுகள்ல இருந்துதான் மேடம். ஒரு வீட்ல ஒரு பேரு தினம் கேட்டுக்கிட்டு இருக்கும். ஒருநாள் எல்லாரும் ஒருத்தர் பின்னால ஒருத்தரா குளிக்கிற சத்தம் கேக்கும். அதுக்கப்புறம் அந்தப் பேரு கேக்கவே கேக்காது. சமையல் நடக்கும், டிவி ஓடும், எல்லாம் பழையபடி நடக்கும். நெறைய வீடுகள்ல இப்படி இருக்காம். எங்களுக்கே மொதல்ல புரியல.”

கயலுக்குப் புரிந்தது. அவளுடைய அக்கா மதுரவல்லி தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போன அன்று காலை, அப்பா உடுத்திய வேட்டியோடு குழாயடியில் உட்கார்ந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். அடுத்து அம்மா. அடுத்து கயல். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. மத்தியானம் ரசமும் அப்பளமும் சாப்பிட்டார்கள். அம்மா போய்ச் சேர்ந்தபோதுகூட வல்லிக்கு யாரும் சொல்லவில்லை. அக்காவின் எண் கயலின் கைப்பேசியில் இன்னும் இருக்கிறது. ஒருநாளும் அழுத்தியதில்லை.

“நான் மறுப்புச் சோதனைக்குப் போறேன்” என்றாள்.

மானியின் முடிவை மதிப்பீட்டாளர் ஏற்கவில்லை என்றால், அந்த விளையாட்டை ஆடிப்பார்த்த ஒருவரை மானியின் முன் உட்கார வைக்கலாம். மானி சில கேள்விகள் கேட்கும். சொல்வது உண்மையா பொய்யா என்பது அதற்குத் தெரியாது, அது அதன் வேலையும் இல்லை. சத்தமும் கோபமும் கணக்கில் வராது; குரல் எங்கே நடுங்குகிறது என்பதை மட்டும் அளக்கும்.

“நான் உக்காருறேன்” என்று அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். “அந்த நுரைப்பயல உள்ள தள்ளாம விடமாட்டேன்.”

கயல் மானியை அவர் முன்னால் நகர்த்தி வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“குளியல் திருவிழாக் காட்சி உங்களைப் பாதித்ததா?” என்று கேட்டது மானி.

“பாதிக்காம? கூட இருந்த ஜீவனத் தொடச்சுப் போட்டுட்டு பாட்டுப் பாடுறானுங்க. மனுசன் செய்வானா இத?”

“உங்கள் வீட்டில் இப்படி நடந்ததுண்டா?”

“எங்க வீட்லயா? ஒருநாளும் கெடையாது.”

“உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?”

“ஒரே பொண்ணு. இந்தா, இவதான்.”

பஸ் கிளம்பும் நேரத்தைச் சொல்வதுபோல அவ்வளவு எளிதாக வந்தது. மானியின் முகப்பில் ஒரு கோடுகூட அசையவில்லை.

“நன்றி. குரலில் சலனம் இல்லை. செயல் இயல்பானது. கடுமை: சுழியம்.”

“என்னது? நான் இவ்வளவு தூரம் கத்துறேன், சுழியங்குது?” அப்பா மகளைப் பார்த்தார். “ரிப்பேரா இது?”

கயல் மானியைத் தன் பக்கம் திருப்பினாள்.

“நானும் ஆடிப் பார்த்திருக்கிறேன். என்னையும் கேள்.”

“உங்கள் பெற்றோருக்கு எத்தனை பிள்ளைகள்?”

ஒரு சின்னச் சொல். அப்பாவின் பக்கம் பார்க்காமல் சொன்னாள்.

“ரெண்டு.”

முகப்பில் கோடு துள்ளியது. சுழியம் மறைந்து ஒன்று வந்தது. சிறுவர் சான்று மறுக்கப்பட்டதாக மானி அறிவித்துவிட்டு அடங்கியது.

கூடத்தில் நுரைமன்னனின் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“ஆபீஸ் மிசின்கிட்ட வீட்டு விசயத்த எதுக்குத்தா சொல்ற?” என்றார் அப்பா. மிரட்டும் குரல் இல்லை அது. எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

நிறுவனம் மேல்முறையீடு செய்தது. விஷயம் வெளியே வந்ததும் ஊரே கொதித்தது. இப்படி ஒரு குரூரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதா என்று பேசாதவர் இல்லை. பொதுமக்களே மானியின் முன் வந்து பேசலாம் என்று வாரியம் அறிவித்ததும் வாசலில் வரிசை தெருமுனை தாண்டி நின்றது. ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். எங்க வீட்டில் இப்படி நடக்கவே நடக்காது என்றார்கள். தங்கள் பிள்ளைகள் எத்தனை, உடன்பிறந்தவர்கள் எத்தனை என்று பளிச்சென்று சொன்னார்கள். யாருக்கும் குரல் தட்டவில்லை. அத்தனை சுழியங்களுக்கு நடுவில் கயலின் ஒன்று, சராசரி எடுத்தபோது தசமத்துக்கும் கீழே போய்க் காணாமல் போனது. மக்களின் கோபத்தாலேயே நுரைமன்னனுக்குச் சான்று கிடைத்தது. கோடை விடுமுறைக்கு விளையாட்டு வெளியாகி, பிள்ளைகள் பாட்டைப் பள்ளி வண்டியில் பாடிக்கொண்டு போனார்கள்.

அப்பா பல நாள் அந்தத் திரையின் பக்கம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கயல் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது கூடத்தில் பாட்டுக் கேட்டது. எட்டிப் பார்த்தாள். அப்பா நுரைக்கதவைக் கண்டுபிடித்துவிட்டார். கதவுக்கு அந்தப் பக்கம் அணில் நின்று தட்டிக்கொண்டிருந்தது.

“மறைந்தவரைப் பெயர் சொல்லி அழையுங்கள்” என்றது திரை.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“வல்லி” என்றார்.

திரையில் பூக்கள் சிதறின. முயல்கள் குதித்தன. நுரைமன்னன் வழுக்கி விழுந்து எழுந்து, கொஞ்சும் குரலில் சொன்னான்:

“அப்படி ஒருவர் இந்தத் தீவில் இருந்ததே இல்லையே!”

கயல் அடுப்பை அணைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்தாள். கூடத்தில் அப்பா மறுபடியும் அதே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.