ஓர் ஒற்று, ஒரு தோட்டா!

"அய்யோ... சார்!"

டைப்பிஸ்ட் அம்மாளின் அலறலில் சட்டத்துறை அலுவலகத்தின் இரண்டாவது மாடியே எழுந்து நின்றது.

காலை ஒன்பது பத்து.

துப்பாக்கிக் கட்டுப்பாட்டு மசோதாவை எழுதிய வரைவாளர் தன் மேஜை மேலேயே கவிழ்ந்து கிடந்தார். நெற்றிப் பொட்டில் ஒரு துளை. கன்னத்துக்கு அடியில் அவருடைய கையெழுத்துப் பிரதி... பாதி சிவப்பாக!

பதினொரு மணிக்குச் சட்டப்பேரவையில் அந்த மசோதா மீது ஓட்டெடுப்பு.

பக்கத்து அறையில் அச்சு இயந்திரம் ஓடியதில் சுட்ட சத்தம் யார் காதிலும் விழவில்லை.

இருபது நிமிடத்தில் இன்ஸ்பெக்டர் வந்தாள். அளந்து பேசுகிற பெண். கூடவே, அளக்காமல் பேசுகிற சப்-இன்ஸ்பெக்டர்.

"மேடம்! லெட்டர்!"

இடது கையால் கிறுக்கிய எழுத்து.

'துப்பாக்கிச் சட்டத்தைக் கைவிடு! இல்லாவிட்டால் அடுத்த பிணத்துக்குத் தயாராகு!'

"துப்பாக்கி விக்கிற கும்பலோட வேலை மேடம். கண்ண மூடிட்டு சொல்லிடலாம்."

"கண்ணத் தொறந்து பாருங்க. ச், க், த்... மூணு ஒற்றும் சரியான எடத்துல இருக்கு. 'அடுத்த பிணம்'ல போடக் கூடாது, போடல. எந்த ரவுடி இவ்ளோ இலக்கணமா மிரட்டுவான்?"

சப்-இன்ஸ்பெக்டர் லெட்டரை மறுபடி எழுத்துக் கூட்டிப் படித்தான்.

இன்ஸ்பெக்டர் டைப்பிஸ்ட் பக்கம் திரும்பினாள்.

"இப்படி எழுதறவங்க இங்க யாரும்மா?"

அந்தம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ப்ரூஃப் ரீடர் மேடம். ஆபீஸ்ல அவருக்குப் பேரே 'ஒற்று'தான். செத்துப் போனவரோட தங்கச்சி புருஷன்..."

"சொந்த மச்சானா?"

"ஆமா. அந்தத் தங்கச்சி மூணு தடவ போலீஸுக்குப் போச்சு மேடம். சோறு ஆறிப்போச்சுன்னா நெத்தியில துப்பாக்கிய வைப்பாராம். லைசென்ஸ் இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அதுக்காகத்தான் சார் ஏழாவது பிரிவையே எழுதினாரு."

"அட, புருஷன் பொண்டாட்டி சண்டைக்கெல்லாமா சட்டம் போடுவாங்க?" சப்-இன்ஸ்பெக்டர் சிரித்தான்.

வேறு யாரும் சிரிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் பிரதியை மெதுவாக உருவினாள். ஏழாவது பிரிவு: 'எவராயினும், குடும்பத்தார் புகார் அளித்தால், அவரது துப்பாக்கி பறிமுதல் செய்யப்படும்.'

பக்கத்தில் அச்சுப் பிரதி. 'புகார் அளித்தால்' இருந்த இடத்தில் 'தீர்ப்பு வந்தால்'! அதைச் சுற்றி வரைவாளர் போட்ட பேனா வட்டம்.

தீர்ப்பு வருவதற்குள் எத்தனை பெண்கள் செத்துப்போவார்கள்!

ப்ரூஃப் ரீடர் வந்தான். ஒல்லி உடம்பு, தடிமனான கண்ணாடி. பூச்சியைக்கூட மிதிக்க மாட்டான் என்று சொல்லத் தோன்றும் முகம்.

"ஒரு உதவி சார். இத அப்படியே பாத்து எழுதுங்க. ஒரு புள்ளிகூட மாறக் கூடாது."

அவள் நீட்டிய தாளில் 'சட்டத்தை கைவிடு' என்று இருந்தது.

எழுதினான். 'சட்டத்தைக் கைவிடு'.

"அந்த 'க்' எங்கேர்ந்து வந்துச்சு?"

அவன் தன் கையையே பார்த்தான்.

அதற்குள் சப்-இன்ஸ்பெக்டர் அவன் டிபன் பையைக் கவிழ்த்திருந்தான். தரையில் விழுந்தது கைத்துப்பாக்கி!

"என் துப்பாக்கியப் பிடுங்க சட்டம் எழுதினான் மேடம்!" ப்ரூஃப் ரீடர் கத்தினான். "அச்சுக்குப் போறப்ப ஒரு வார்த்தையத்தான் மாத்தினேன்... காலையில கண்டுபிடிச்சிட்டான். இப்ப என்ன? அவையில இருக்கறது பூரா என் பிரதிதான்!"

மணி பத்து முப்பத்தைந்து.

ரத்தம் காயாத தாளோடு இன்ஸ்பெக்டர் படியிறங்கி ஓடினாள். ஜீப் சீறியது.

பத்து ஐம்பத்தெட்டுக்கு அந்தத் தாள் சட்ட அமைச்சர் கைக்குப் போனது. ஏழாவது பிரிவை வரைவாளர் எழுதியபடியே எழுந்து நின்று வாசித்தார்.

இரண்டே ஓட்டு வித்தியாசத்தில் சட்டம் நிறைவேறியது. நிறைவேறிய நிமிடத்திலிருந்தே அமல்!

பேரவை வாசலில் ஜீப்பில் சாய்ந்திருந்தான் சப்-இன்ஸ்பெக்டர்.

"ஜெயிச்சிட்டோம் மேடம்!"

இன்ஸ்பெக்டர் கையை நீட்டினாள். கை குலுக்கத்தான் என்று நினைத்து அவனும் நீட்டினான்.

"கையில்ல. துப்பாக்கி."

"மேடம்?"

"உங்க மனைவி போன மாசம் குடுத்த புகார் என் மேஜையிலதான் இருக்கு. நம்ம ஆளாச்சேன்னு நானும் பாத்தும் பாக்காம இருந்தேன். வெக்கமா இருக்கு."

அவன் கை இடுப்பு பெல்ட்டுக்குப் போனது.

"நான் போலீஸ் மேடம்!"

"'எவராயினும்'னு எழுதியிருக்காரு. குடுங்க."

பெல்ட்டிலிருந்து ரிவால்வரைக் கழற்றிக் கொடுத்தான்.

"இனிமே நான் எதை வெச்சு மேடம் திருடனப் பிடிக்கறது?"

"விசில் குடுத்திருக்காங்கல்ல? ஊதுங்க!"