மாலினி தலை வாரிவிட்ட நேரம்

சீப்பு மறுபடியும் மாலினியின் கையிலிருந்து நழுவி விழுந்தது. அவள் எதையும் கைதவற விடுகிறவள் இல்லை. மைத்ரேயி முக்காலியில் உட்கார்ந்தபடியே குனிந்து அதை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் திகைத்தாள். போன மாதம் வரை, குனிந்தால் நிமிர அவளுக்கு ஆள் வேண்டியிருந்தது.

மைத்ரேயியால் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து விளக்கேற்றும் நேரத்தில் தங்கைதான் அக்காவுக்குத் தலை வாரிப் பின்னிவிடுகிறாள். மைத்ரேயிக்கு அந்த நேரமே பிடிக்காது. முதுகுக்குப் பின்னால் குலுங்கும் வளையல் சத்தம், சந்தன சோப்பு வாசனை, மலைக்கோட்டைப் படியேறிவிட்டு வந்தும் இரைக்காத அந்த மூச்சு, எல்லாமே அவள் வயிற்றெரிச்சலைக் கிளப்பும். எதிரே இருக்கும் நிலைக்கண்ணாடியை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள். அதில் மாலினியும் தெரிவாளே. தை மாதம் மாலினிக்குக் கல்யாணம். அக்கா இருக்க, தங்கைக்கு.

திருச்சி டாக்டர் தைரியராஜ் அப்போதே விளக்கியிருந்தார். உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்ற குட்டி அடுப்புகள் இருக்கின்றன. சக்தி தருபவை அவைதான். அவை அம்மாவிடமிருந்து மட்டுமே வரும். அம்மாவிடம் நல்லவையும் பழுதானவையும் கலந்திருந்தன. நல்லவை மாலினிக்குப் போயின, பழுது மைத்ரேயிக்கு வந்தது.

"இந்த மாத்திரை, இருக்கிற நல்லதை ஒழுங்கா வேலை செய்ய வைக்கும்மா. புதுசா நல்லதைக் கொண்டு வராது" என்றிருந்தார்.

பெற்ற வயிற்றுக்குள்ளேயே இப்படி ஓரவஞ்சனையா என்று அவள் அன்று அழுது தீர்த்தாள்.

இன்று காலை அதே டாக்டர் புதிய தசைப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லது இவ்வளவு கூடியிருக்கு. எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்கே புரியலம்மா."

"அக்கா, ஏனோ கண்ணை இழுத்துண்டு போறது" என்றாள் மாலினி.

"கல்யாணக் கனவுல தூங்கறதே இல்லை போலிருக்கு. சீக்கிரம் வாருடி."

தெருவில் பூக்காரியின் குரல் தேய்ந்து மறைந்தது. உச்சந்தலையில் இதமான சூடு ஒன்று எழுந்து, பிடரி வழியே வழிந்து, தோளில் பரவியது. கொஞ்ச நாளாகவே தினமும் இறங்குகிற சூடுதான். எண்ணெய்ச் சூடு என்று நினைத்திருந்தாள்.

இன்று எண்ணெய் வைக்கவில்லை.

சீப்பு விழுந்தது. வாருவது நிற்கவில்லை.

"அக்கா... கையை எடுக்க முடியலையே."

மைத்ரேயி நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள்.

மாலினியின் ஒரு இமை பாதிக் கண்ணில் தொங்கியது. உதட்டில் ரத்தமே இல்லை. மைத்ரேயியின் கூந்தல் இழை இழையாக விறைத்து நின்றது. ஒவ்வொரு நுனியும் தங்கையின் உள்ளங்கைக்குள். துடித்தது. உறிஞ்சியது.

பக்கத்தில் கத்திரிக்கோல். ஒரே வெட்டு. தங்கை பிழைப்பாள். நாளை முதல் பழைய மைத்ரேயி.

"வெட்டி விட்டுடேன்க்கா..."

மைத்ரேயி எடுத்தாள். கை நடுங்கவே இல்லை. அது பாட்டுக்கு உயர்ந்தது. தோளைத் தாண்டி. தலையைத் தாண்டி. கத்திரிக்கோலைப் பக்கத்து அலமாரியின் மேல்தட்டில், மாலினிக்கு எட்டாமல் தள்ளி வைத்தது.

"பின்னி முடிஞ்சுதாடி?" அடுக்களையிலிருந்து அம்மா கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்கும்மா" என்றாள் மைத்ரேயி.

தலையைப் பின்னுக்குச் சாய்த்து, அந்தச் சில்லிட்ட உள்ளங்கையில் அழுத்திக்கொண்டாள். கண்ணாடியில் மாலினியின் இன்னொரு இமையும் மெல்ல இறங்கியது.