கெமராட் பஸ் புறப்படும் முன்

காலை எட்டு ஐம்பது. உபோன் பஸ் ஸ்டாண்ட்.

தெர்மாகோல் பெட்டியின் மூடியைத் திறந்ததும் சாய்ருங் அலறவில்லை. உள்ளே கையை விட்டாள். வாழையிலையில் சுற்றிய பன்றியிறைச்சி உருளைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சிமெண்ட் பெஞ்சில் வைத்தாள். கடைசி உருளையும் வெளியே வந்தது. அடியில் ஐஸ் துண்டுகளைத் தவிர வேறு எதுவும் இல்லை. அப்போதுதான் அலறினாள்.

போலீஸ் பூத்தில் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்த சார்ஜென்ட் பிரானி, கையிலிருந்த சோற்று உருண்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். ஐம்பது வயது, பருத்த உடம்பு, பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது.

"என்னம்மா ஆச்சு?"

"இது என் பெட்டி இல்லக்கா! என் பெட்டியில மருந்து இருந்துச்சு. மூணு பாட்டில். என் பையனுக்கு!"

"பையன் எங்க?"

"கெமராட்ல. ஆஸ்பத்திரியில."

சாய்ருங் அழுகைக்கு நடுவே சொன்னதைக் கோர்த்தால் இவ்வளவுதான். மகன் மொக்குக்கு ஏழு வயது. பிறந்ததிலிருந்தே ரத்தம் உறையாத வியாதி. நேற்று மரத்திலிருந்து விழுந்துவிட்டான். வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது, அசைக்கக்கூடாது, இன்று மதியத்துக்குள் மருந்து ஏற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த மருந்து இந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை. பாங்காக்கில் தையல் கம்பெனியில் வேலை பார்க்கும் சாய்ருங் அங்கேயே அலைந்து வாங்கி, இரவு ரயிலைப் பிடித்து வந்திருந்தாள். கெமராட் பஸ் ஒன்பதரைக்கு. அதை விட்டால் அடுத்தது பன்னிரண்டுக்கு.

"ரயில்ல மாறியிருக்குமோ?"

"இல்லக்கா. ஸ்டேஷன்ல இறங்கினதும் திறந்து பார்த்தேன். மருந்து இருந்துச்சு. ஐஸ்தான் பாதி கரைஞ்சு போச்சு. இங்க வந்து ஐஸ் போடலாம்னுதான் இப்பத் திறந்தேன்."

அப்படியானால் நடுவழியில்தான் போயிருக்கிறது. எங்கள் ஊரில் ரயில் நிற்பது ஆற்றுக்குத் தெற்கே, பஸ் நிற்பது ஊருக்கு வடக்கே. இந்த இரண்டையும் கட்டியவர்கள் ஜென்மத்துக்கும் பேசிக்கொள்ளாதவர்களாக இருந்திருக்க வேண்டும். இடையில் சந்தை, பாலம், பெரிய ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு, எதிரெதிரே இரண்டு பெஞ்சு போட்ட சோங்தேவ் வண்டியில்தான் வந்தாக வேண்டும். ஏறினால் முக்கால் மணி நேரம் போகும். சில நாள் பெட்டியும் சேர்ந்து போகும்.

போதாததற்கு, வெளியூர் போகிற ஒவ்வொருவன் கையிலும் இதே வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி, இதே சிவப்புக் கயிறு. சாய்ருங்கின் பெட்டியும் முன்பொரு தடவை இங்கிருந்து பாங்காக் போனதுதான். உள்ளே எங்கள் ஊர் மூயோ, அதுதான் அந்தப் பன்றியிறைச்சி உருளை. அதை வாங்காமல் இங்கிருந்து எவனும் கிளம்புவதில்லை.

பிரானி விசில் ஊதினாள். திரும்பிப் போகவிருந்த வண்டி நின்றது. ஞாயிற்றுக்கிழமையாதலால் அந்த நடைக்குக் கூட்டமே இல்லை. சாய்ருங்கோடு கடைசிவரை வந்தவர்கள் இரண்டே பேர். இருவரும் அவரவர் பஸ்ஸுக்காகக் காத்திருந்தார்கள். ஒருவன் தனகோன், லீவில் வந்த சிப்பாய். இன்னொருத்தி சுபின், நாற்பதை நெருங்கும் ஒல்லியான பெண். இருவர் கையிலும் பிளாஸ்டிக் பையில் கட்டிய கறுப்பு ஐஸ் காபி, ஸ்ட்ரா செருகி, ரப்பர் பேண்டு போட்டு.

ஒன்பது மணி. பூத்தின் முன் விசாரணை.

வண்டியோட்டி கம்சிங் முதலில் எகிறினார். "முன்னாடி இருக்கிற ரோடுதான் எனக்குத் தெரியும். பின்னாடி எவன் பெட்டி எவன் காலடியில இருக்குன்னு நான் என்னத்தக் கண்டேன்?"

"நடுவுல யாரு ஏறினா, இறங்கினா? அதச் சொல்லு அண்ணே."

"ஒரே ஒரு பிக்கு சாமி. சந்தையில ஏறினாரு, ஆஸ்பத்திரியில இறங்கினாரு. தானமா வந்த சாமானோட பெரிய வாளி ஒண்ணு கையில இருந்துச்சு."

"வாளிக்குள்ள பெட்டி போகுமா?"

"பிரானி, சாமியையே சந்தேகப்படுறியா? உனக்கு நரகத்துல தனி பெஞ்சு போட்டு வச்சிருக்காங்க."

"போட்டுவைக்கட்டும். சாமி ஏறினப்ப என்ன நடந்துச்சு?" அவள் சாய்ருங்கைப் பார்த்தாள்.

"எப்பவும் நடக்கிறதுதான்க்கா. பொம்பளைங்க ரெண்டு பேரும் எழுந்து பின்னாடிக் கோடிக்கு வந்துட்டோம். சாமி பக்கத்துல எப்படி உட்கார்றது? பெட்டி முன்னாடியே பெஞ்சுக்கு அடியில தங்கிருச்சு. சாமி காலத் தாண்டி நான் எப்படிக் கை நீட்டுவேன்? இந்தத் தம்பிதான் எடுத்துத் தந்தாரு."

எல்லோர் கண்ணும் சிப்பாய் மேல் திரும்பின. அவன் காலடியிலும் ஒரு வெள்ளைப் பெட்டி. தனகோன் காபியைச் சத்தமாக உறிஞ்சினான். பையில் காற்றுதான் மிச்சம்.

"தம்பி, பெட்டியத் திற."

"அக்கா, அது வந்து..."

"திறடா."

திறந்தான். மூயோ உருளைகள். அவற்றுக்கு அடியில் செய்தித்தாள் சுற்றிய இரண்டு நாட்டுச் சாராயப் பாட்டில்கள். கம்சிங் வாய்விட்டுச் சிரித்தார்.

"மாமனாருக்குக்கா," என்றான் சிப்பாய் காது சிவக்க. "மாமியாருக்குத் தெரிஞ்சா தொலைச்சிருவாங்க. அதான் இந்தப் பெட்டிய மடியவிட்டு இறக்கவே இல்ல. கீழ இருந்த ரெண்டையும்தான் பின்னாடி தள்ளிவிட்டேன். வேற எதையும் தொடல, சத்தியமா."

"நீங்க?" பிரானி சுபினிடம் திரும்பினாள். "உங்ககிட்ட என்ன இருந்துச்சு?"

"என்கிட்ட என்ன இருக்கு? இந்தக் கைப்பை மட்டும்தான். பாருங்க, நல்லாப் பாருங்க." சுபின் கைப்பையைத் தானே கவிழ்த்தாள். சீப்பு, துண்டு, போன், சின்ன அளவில் ஒரு எலாஸ்டிக் முட்டிப்பட்டை.

"இது?"

"பையனோடது. பந்து விளையாடுறவன்." காபிப் பையை விரலில் மாட்டிக்கொண்டே குனிந்து பொருள்களை அள்ளினாள். பிறகு சாய்ருங்கின் தோளைத் தொட்டாள். "அழாத தங்கச்சி. கிடைச்சிரும்."

சாய்ருங்கின் போன் அடித்தது. கணவன். அவள் காதில் வைத்துக் கேட்டாள். பிறகு போனை இறக்கினாள்.

"மொக் கண்ணத் திறக்கலையாம்," என்றாள். "எங்க வந்துட்டேன்னு கேக்குறாரு. நான் என்ன சொல்றது?"

பிரானி குப்பை டிரம் இருந்த பக்கம் நடந்தாள்.

ஒன்பது பத்து. பிரானி கழிப்பறைக்குப் பின்னால் குப்பை டிரம்மை உருட்டிக் கவிழ்த்தாள். பெட்டி அதில்தான் இருந்தது. சிவப்புக் கயிறு அறுபட்டுத் தொங்கியது. மருந்து இல்லை.

திரும்பி வந்து கேட்டாள்: "தங்கச்சி, நீ மருந்தோட வர்றது யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதுக்கா. எங்க குரூப்புக்கு மட்டும் போட்டேன். இதே வியாதி இருக்கிற பிள்ளைங்களோட அம்மா அப்பா இருக்கிற குரூப். 'மூணு கிடைச்சிருச்சு, நைட்டு ரயில்ல வர்றேன், வேண்டிக்கோங்க'ன்னு போட்டேன். எல்லாரும் கும்பிடுற கை போட்டாங்க."

"அவங்கள நேர்ல பார்த்திருக்கியா?"

"இல்ல. போன்ல மட்டும்தான்."

"மருந்து வெளியில எவ்வளவு நேரம் தாங்கும்?"

"இந்த வெயில்லயா? தாங்கவே தாங்காது. ஐஸ்லதான் இருக்கணும்."

பிரானி பஸ் ஸ்டாண்டை ஒரு சுற்று சுற்றினாள். குளிர்பானக்காரனின் ஐஸ் பெட்டியில் முழங்கைவரை கையை விட்டாள். பழக்காரியின் பெட்டியைக் கிளறித் திட்டு வாங்கினாள். காபிக்காரி மட்டும் புலம்பினாள்: "என் ஐஸையும் கிளறு, வா! ஏற்கெனவே இன்னைக்கு யாவாரம் உருப்படல. ஒருத்தி ஐஸ் போடு, இன்னும் போடுன்னு உயிரை எடுத்துட்டா. பாலும் வேணாமாம், சர்க்கரையும் வேணாமாம்."

ஒன்பது இருபத்திரண்டு. கண்டக்டர் பஸ் படியில் தொங்கிக்கொண்டு கூவினான். "கெமராட், கெமராட், கெமராட்!" சாய்ருங் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். வெறுங்கையோடு ஏறுவதா, மருந்தைத் தேடி நிற்பதா? எதைச் செய்தாலும் பிள்ளை போய்விடுவான் போலிருந்தது. அவள் அந்த மூயோ பெட்டியையே மாரோடு அணைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தால் கல்லுக்கும் கண்ணீர் வரும்.

சுபினின் பஸ்ஸும் பக்கத்து நடைமேடையில் உறுமியது. "எனக்கு நேரமாச்சு மேடம். போகலாமா?"

"போகலாம்," என்றாள் பிரானி. "ஓடி ஓடித் தாகமா இருக்கு. அந்தக் காபிய ஒரு வாய் குடுத்துட்டுப் போங்க."

சுபின் நகரவில்லை.

"அரை மணி நேரமா கையில வச்சிருக்கீங்க. இந்தத் தம்பி எப்பவோ குடிச்சு முடிச்சுட்டான். நீங்க ஸ்ட்ராவ உதட்டுல வைக்கக்கூட இல்ல. இந்த வெயில்ல காபி வாங்கிக் குடிக்காதவங்கள நான் இந்த ஊர்ல பார்த்ததே இல்ல."

"எனக்கு... வயித்து வலி."

"அப்ப நான் குடிக்கிறேன்."

பிரானி பையைப் பிடுங்கவில்லை. கையை நீட்டிக் காத்திருந்தாள். சுபினின் விரல்கள் பையின் காதை விடவே இல்லை. பிறகு விட்டன. பிரானி ரப்பர் பேண்டை அவிழ்த்து, கறுப்புக் காபிக்குள் கையை விட்டாள். ஐஸுக்கு அடியிலிருந்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறை வந்தது. இறுக்கி முடிச்சிட்ட உறை. உள்ளே மூன்று கண்ணாடிக் குப்பிகள்.

சாய்ருங் பாய்ந்து உறையை வாங்கி, வெளியிலிருந்தே குப்பிகளை எண்ணினாள்.

கம்சிங்குக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"நீங்க எல்லாரும் காதுல வாங்கினதத்தான் நானும் வாங்கினேன். தம்பி பெட்டி அவன் மடியில. கீழ இருந்த ரெண்டையும் தள்ளிவிட்டேன்னு சொன்னான். இந்தத் தங்கச்சி கொண்டுவந்தது ஒண்ணு. ரெண்டாவது யாரோடது? சாமி ஏறினது சந்தையில, அவர்கிட்ட வாளிதான். அப்ப வண்டியில மிச்சம் இருந்தது இந்தம்மா ஒருத்திதான். கைப்பை மட்டும்தான்னு சொன்னாங்க. மூயோ பெட்டியோட ஸ்டேஷனுக்கே போய்க் காத்திருந்து, சாமி ஏறி எல்லாரும் இடம் மாறின களேபரத்துல தன் பெட்டிய இவ பக்கம் விட்டு, இவ பெட்டியத் தன் பக்கம் இழுத்துக்கிட்டாங்க."

"விக்கிறதுக்கா?" என்றான் சிப்பாய்.

"விக்கிறவ பெட்டியோட ஓடியிருப்பா, ஐஸ் உருகினா அவளுக்கென்ன? பெட்டி கையில இருந்தா மாட்டிக்குவோம்னு தூக்கிப் போட்டவங்க, மருந்துக்கு மட்டும் புது ஐஸ் தேடியிருக்காங்க. அது கெட்டுப்போகக்கூடாதுன்னு இவ்வளவு கவலைப்படுறது யாரு?" பிரானியின் குரல் இறங்கியது. "உங்க பையன் பந்து விளையாடுறவன் இல்ல, அப்படித்தானே?"

சுபின் தலையை ஆட்டினாள். "பந்த அவன் தொட்டதே இல்ல. ரெண்டு முட்டியும் வீங்கி, படுத்து ஒன்பது நாளாச்சு. ராத்திரி முழுக்கக் கத்துறான். மருந்துக்கு அடுத்த மாசம்தான் எங்க முறை வரும்னு சொல்றாங்க." அவள் சாய்ருங் முன்னால் மண்டியிட்டாள். "குரூப்புல பெட்டியோட உன் போட்டோ இருந்துச்சு. நானும் உனக்குக் கும்பிடுற கை போட்டேன். அப்புறம் ராத்திரி அவன் கத்தினப்ப... ஒண்ணே ஒண்ணு குடு தங்கச்சி. ஒண்ணு போதும்."

சாய்ருங் மூன்று குப்பிகளையும் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஒன்றைக் கொடுத்துவிடுவாள் என்றே கம்சிங் நினைத்தார்.

"மூணும் போடணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு," என்றாள். "என்ன மன்னிச்சிருக்கா. மன்னிச்சிரு."

மருந்தை அதே காபிப் பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டு ஓடினாள். பஸ் நகர ஆரம்பித்திருந்தது. கண்டக்டர் கையைப் பிடித்து இழுத்து ஏற்றினான்.

சுபின் எழுந்து பஸ்ஸுக்குப் பின்னால் ஓடினாள். பிரானி பிடிக்கப் போனவள் நின்றுவிட்டாள்.

"தண்ணி ஆனதும் கொட்டிட்டு வேற ஐஸ் போடு!" சுபின் கத்தினாள். "நடுவழியில ட்ரக்கான்ல வண்டி நிக்கும், இறங்கி வாங்கு! முடிச்ச அவிழ்க்காத, மருந்துல தண்ணி படக்கூடாது!"

பஸ் திரும்பி மறைந்தது. புகார் எழுதுவதற்குப் புகார்க்காரி இல்லை. பஸ்ஸை ஒரு நிமிஷம் நிறுத்திக் கையெழுத்து வாங்கியிருக்கலாம், அது பிரானிக்குத் தெரியாததல்ல. சுபினின் ஊர் பஸ்ஸும் போய்விட்டிருந்தது.

"என்ன உள்ள போட்டுருங்க மேடம்," என்றாள் சுபின். "வெறுங்கையோட வீட்டுக்குப் போய் அவன் முகத்துல எப்படி முழிப்பேன்?"

பிரானி கம்சிங்கின் வண்டியைக் காட்டினாள். "பெரிய ஆஸ்பத்திரி வழியாத்தான் திரும்பப் போகும். ஏறு."

"அங்க இருப்பு இல்லக்கா. நேத்தே போய்க் கேட்டுட்டேன்."

"தெரியும். இன்னைக்கு நான் கேக்குறேன். ஏறு."

சுபின் ஏறினாள். பிரானியும் ஏறி எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள்.