வெப்ப ஏற்பாளர்

கடையைத் திறந்ததும் செலஸ்டின் முதலில் செய்வது, சாஃப்டி ஐஸ்கிரீம் மிஷினின் பக்கவாட்டில் கையை வைத்துப் பார்ப்பதுதான், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல. இன்றும் சுட்டது. கைப்பிடியை இழுத்தார். கோனில் சுருண்டு நிற்க வேண்டியது கஞ்சியாக வழிந்தது.

தூத்துக்குடித் துறைமுகத்தில் பகல் குளிர் இடைவேளைக்குச் சங்கு ஊதினால் சனம் நேராக இந்தக் கடைக்குத்தான் வரும். நிழலிலும் அனல் தகிக்கிற காலம். குளிர்ச்சியாக ஏதாவது உள்ளே இறங்கினால்தான் மறுபடி கிரேன் ஏற முடியும். மிஷின் படுத்தால் கடையும் படுத்துவிடும். வெயிலோடு மல்லுக்கட்டியே செலஸ்டினுக்கு வாழ்க்கை அலுத்துவிட்டது.

மிஷின் விற்க வந்திருந்த கோமதிநாயகம், மேசைமேல் இரண்டு மிஷின்களின் ஒளியுருக்களை எழுப்பிக் காட்டினான்.

"அண்ணாச்சி, எம்புட்டு கூட்டம் வந்தாலும் ரெண்டும் தாங்கும். இது தண்ணியில குளிருது, அது காத்துல குளிருது."

"தண்ணிக்கு எங்கடே போக? குடிக்கதுக்கே அளந்துல்லா விடுதான்."

"அப்போ காத்துதான். ஆனா அது கக்குத அனலுக்கு ஒரு ஏற்பாளர் வேணும்லா?"

அதுதான் சட்டம். குளிர்விக்கிற எந்த இயந்திரமும் உள்ளே உறிஞ்சிய வெப்பத்தை எங்காவது கொட்டியாக வேண்டும். தெருவில் கொட்டக் கூடாது. தெரு ஏற்கெனவே கொதிக்கிறது. அனல்குழாய் யார் சன்னல் பக்கம் திரும்புகிறதோ, அவர் வெப்ப ஏற்பாளராக வாயால் சம்மதிக்க வேண்டும். அதைக் கேட்டுப் பதியத் தீப்பெட்டி அளவில் ஒரு சம்மதமானி. ஒத்துக்கொண்டால் பச்சை, மறுத்தால் சிவப்பு. பழைய மிஷின் சட்டத்துக்கு முந்தியது என்பதால் இதுவரை தப்பித்து வந்தது.

கடைக்குப் பின்வீட்டில் ரெஜினா அக்கா தனியாக இருந்தார். ஒரே அறை, ஒரே சன்னல். இருவரும் சம்மதமானியோடு போய் நின்றார்கள்.

"அக்கா, புது மிஷின் வாங்கப் போறேன். அனல் ஒங்க சன்னல் பக்கம் வரும். சம்மதமா?"

அக்கா சன்னலை ஒருமுறை பார்த்தார். பிறகு சிரித்தார்.

"பரவாயில்ல தம்பி."

பச்சை எரிந்தது. கோமதிநாயகத்துக்கு வாயெல்லாம் பல். செலஸ்டினுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொடுத்தாலும் பரவாயில்லை என்று குடித்து முடிக்கிற மனுஷி அவர்.

"அத அழிச்சிருடே," என்றார் வெளியே வந்ததும்.

"அவங்கதான் ஒத்துக்கிட்டாங்களே!"

"மொகத்துக்கு நேரா மாட்டேன்னு சொல்ல முடியாம சொன்னது அது. குழாய எங்க மாடிக்குத் திருப்பு. நாமளே அனுபவிப்போம்."

சொன்னபோது தன்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மாடி அடுக்களையில் மனைவி ஜெசிந்தா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கோமதிநாயகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"பரவாயில்ல."

பச்சை எரிந்தது.

செலஸ்டினுக்குச் சுருக்கென்றது. அதே சொல், அதே குரல். கடையை விட்டுவிட்டு உன் தங்கச்சி கல்யாணத்துக்கு வர முடியாது என்றபோதும் இதைத்தான் சொன்னாள். படுக்கையறை ஏ.சி.யைக் கழற்றிக் கடையில் மாட்டியபோதும் இதேதான். அத்தனையையும் அவர் சம்மதமென்றே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது.

"ஜெசி, ஒனக்கு நெசமாவே சம்மதந்தானா?"

அரிவாள்மணையில் கை நின்றது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இத்தன வருசத்துல இப்பதான் கேக்கிய," என்றாள். "வேண்டாங்க. இதுக்கு மேல என்னால முடியாது."

சம்மதமானி சிவந்தது. கோமதிநாயகம் பெருமூச்சு விட்டு அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். துறைமுகத்தில் சங்கு ஊதியது.

அவர்கள் கீழே வருவதற்குள் வரிசை தெருமுனை வரை நீண்டிருந்தது. செலஸ்டின் கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். பால் மாதிரி ஒழுகி, அதுவும் நின்றது. கைகூப்பினார்.

"கோவிச்சுக்கிடாதீங்கய்யா. மிஷின் போயிட்டு. இன்னைக்குக் கோன் கெடையாது."

வரிசையில் முதலாவதாக நின்ற கிரேன் ஓட்டுநர் கதவுக்கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. வெடித்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு சிரித்தார்.

"பரவாயில்ல அண்ணாச்சி."

கோமதிநாயகத்தின் சட்டைப்பைக்குள் பச்சை எரிந்தது.