சிரிக்கிற ஜெயா

மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனபோதுதான் ஜெயஸ்ரீ கவனித்தாள். கொடிக்கயிற்றில் தொங்கிய கை வியர்த்திருந்தது.

நிஜக் கை இல்லை. அவளுடைய இடது கையை மாவுக்கட்டுத் துணியால் சுற்றி அச்செடுத்து, அந்த அச்சுக்குள் ரெசின் ஊற்றி அவள் புருஷன் வெற்றி வார்த்த பொம்மைக் கை. நேற்றே காய்ந்து கல்லாகிவிட்டது. தட்டினால் டொக்கென்றது. இன்று அதன் உள்ளங்கையில், ரேகை ஓடும் பள்ளங்களில், பொடிப்பொடியாக நீர் பூத்திருந்தது. ஏனென்று தெரியாமலே தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புக் கரித்தது.

"கடக்கரை காத்துமே. எல்லாத்துலயும்தான் உப்பு கீது," என்றான் வெற்றி, அவள் இறங்கி வந்து சொன்னதும், பட்டறை வேலையிலிருந்து தலையைத் தூக்காமல்.

திருவொற்றியூர்க் குப்பத்தில் ஃபைபர் படகுகளுக்கு ஓட்டை அடைக்கிறவன் அவன். பேய்ப்பொம்மை செய்கிற வேலை ஷெர்லின் மூலமாக வந்தது. விம்கோ நகரில் புதிதாக எழும்பிய அடுக்குமாடியில் குடியிருப்பவள் ஷெர்லின். மார்க்கெட்டில் அவள் வீட்டுக்காரரின் பெயிண்டுக் கடையில்தான் வெற்றி ரெசின் வாங்குவான். அக்டோபர் கடைசியில் ஹாலோவீன் என்று பிள்ளைகளுக்கு ஒரு பேய் விழா. முன்பக்கத் தோட்டத்தில் நிறுத்த பொம்மைகள் வேண்டும் என்று கேட்டாள். வெற்றி பிவிசி பைப்பை வெட்டி எலும்புக்கூடு கட்டினான். தெர்மோகோலில் கல்லறை செதுக்கினான். கிழிந்த வலைக்குள் பழைய பந்துகளைச் சுருட்டி மண்டை ஓடுகள் ஆக்கினான். எல்லாவற்றுக்கும் நடுவில் வெள்ளைப் புடவையில் ஒரு மோகினி நிற்க வேண்டும். அதற்குத்தான் ஜெயஸ்ரீயின் கையைக் கேட்டான்.

அவள் உடனே நீட்டினாள். காரணம் உண்டு. ஆடி மாதத்தில் அவளுக்கு ஆபரேஷனில் ஒரு பெண் குழந்தை பிறந்து, அன்று பொழுது சாய்வதற்குள் போய்விட்டது. அதற்கு முன்பெல்லாம் ஜெயஸ்ரீ சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். "வெற்றி பொண்டாட்டி வூட்ல கீறா" என்று மீன்கூடைக்காரிகள் அந்தச் சிரிப்பை வைத்தே சொல்வார்கள். அது நின்றுபோயிற்று. வெற்றி வருவான், சாப்பிடுவான், பாயைச் சுருட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவான். "பாப்பா" என்று அவள் வாயெடுத்தாலே செருப்பைத் தேடுவான். அப்படிப்பட்டவன் அன்று அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு, விரல் விரலாக வாஸ்லின் தடவினான். மூன்று மாதமாகத் தொடாதவன் தொட்டான். ரெசின் நாற்றமும் பீடி நாற்றமும் கலந்த அவன் மூச்சு மணிக்கட்டில் பட்டபோது அவளுக்கு அழுகை வந்தது.

அதனால் வலது கையைக் கேட்டபோதும் கொடுத்தாள். பாதங்களைக் கேட்டபோதும். மார்பிலிருந்து இடுப்பு வரை மாவுக்கட்டைச் சுற்றி, காயும் வரை அவளைப் பலகையில் சாய்த்து வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறினானே, அன்றைக்கும்.

ஒரு சாயங்காலம் நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் தெறித்து இடது புறங்கையில் விழுந்தது. விழுந்ததைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். சுடவில்லை. தோல் சிவக்கவும் இல்லை.

ஆனால் பட்டறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. "ஸ்ஸ்ஸ்..." என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பொம்பளை மூச்சை இழுக்கிற சத்தம்.

அடுப்பை அணைத்துவிட்டுப் போனாள். சிமெண்டுத் தரை வழக்கமாகச் சில்லென்று இருக்கும். பாதத்துக்கு எதுவும் தெரியவில்லை, யாரோ நடக்க, அவர் தோள்மேல் இவள் உட்கார்ந்து போவது போல இருந்தது. பட்டறைக் கதவு ஒருக்களித்திருந்தது. குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் தலையில்லாத மோகினி முக்காலியில் உட்கார்ந்திருக்க, வெற்றி அதன் எதிரில் குந்தியிருந்தான். அதன் இடது கையை இரண்டு கைகளிலும் ஏந்தி, மெதுவாக, மிக மெதுவாக, ஊதிக்கொண்டிருந்தான்.

"இன்னா பண்றே?"

அவன் திடுக்கிடவில்லை. "குமிழ் வந்துகீது. பட்டி வச்சிகினு கீறேன்."

அந்தப் புறங்கையில் கடலைப் பருப்பு அளவுக்கு ஒரு கொப்புளம். அதன்மேல் வெள்ளையாக எதையோ தடவியிருந்தான். ஓட்டை அடைக்கிற பட்டியின் வாசம் அவளுக்குத் தெரியும். இது பட்டி இல்லை. சமையல் ரூமின் அலமாரியில் வைத்திருக்கும் தீக்காயக் களிம்பின் வாசம்.

"எனக்கு பயமா கீதுய்யா. மூஞ்சிக்கு வேற ஆளப் பாரு," என்றாள்.

வெற்றி எழுந்து வந்தான். அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தான். அங்கே மட்டும் சூடு தெரிந்தது. "மூஞ்சி ஒண்ணுதாம்மே பாக்கி. அத்தோட வேலை முடிஞ்சிடும். அப்பால நாம உக்காந்து பேசலாம்." கொஞ்சம் நிறுத்தினான். "பாப்பாவைப் பத்தியும் பேசலாம்."

அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை. அதற்காகவே ஒப்புக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் பட்டறைத் தரையில் தார்ப்பாய் விரித்து அவளைப் படுக்க வைத்தான். புருவத்திலும் இமையிலும் வாஸ்லின் தடவினான். ஜூஸ் ஸ்ட்ராவை இரண்டாக வெட்டி மூக்கில் செருகினான். ஈரமான துணிப்பட்டைகள் நெற்றியில் விழுந்தன, கன்னத்தில் விழுந்தன, வாயை மூடின, கடைசியாகக் கண்களை. வெளிச்சம் சிவந்து, பழுத்து, அணைந்தது. முதலில் குளிர்ந்தது. பிறகு மாவு இறுக இறுகச் சூடு ஏறியது. ரோட்டில் கன்டெய்னர் லாரி போனால் இந்தத் தரை அதிரும். லாரியின் உறுமல் காதில் விழுந்தது, அதிர்வு முதுகுக்கு வரவில்லை. அவளிடம் மிச்சமிருந்தது முகம் ஒன்றுதான் என்று தோன்றியது. அந்த முகமும் மூடியிருந்தது.

"பசிக்குதாமே?" என்று கேட்டான் வெற்றி.

வாயைக் கட்டிவிட்டுக் கேட்கிறானே என்று நினைத்தாள்.

"இல்ல மாமா. தண்ணி மட்டும் குடு," என்றது ஒரு குரல்.

அவளுடைய குரல்.

குடத்தில் டம்ளர் மோதியது. யாரோ மடக் மடக்கென்று குடித்தார்கள். ஜெயஸ்ரீயின் தொண்டை வறண்டு கிடந்தது.

எழுந்திரு, என்றாள் தனக்குத்தானே. கை எழவில்லை. கால் எழவில்லை.

"மாமா, வயித்துல இன்னா இவ்ளோ பெரிய தையல் கீது?"

ஒரு ஈ பறந்தது.

"குடல்வால் எடுத்தாங்களேமே. மறந்துட்டியா?"

"அட, ஆமால்ல!"

அந்தக் குரல் சிரித்தது. தெருமுனை வரை கேட்கும் சிரிப்பு. பட்டறையின் தகரக் கூரையில் பட்டுத் திரும்பி வந்து ஜெயஸ்ரீயின் காதில் விழுந்தது. கூடவே வெற்றியும் சிரித்தான். மூன்று மாதத்துக்குப் பிறகு.

அவள் கத்தினாள். மாவுக்குள் கத்தினாள். சத்தம் பல்லைத் தாண்டவில்லை.

அவன் முழங்கால் தார்ப்பாயில் ஊன்றும் ஓசை. காதருகே பீடி நாற்றம். "கோச்சிக்காதமே. நீ சிரிக்கவே மாட்டேன்ற. எப்பப் பாத்தாலும் அதையே நெனச்சிகினு கீறே. என்னால முடியல. எனக்குப் பழைய ஜெயா வேணும். நா இன்னா பண்ணட்டும், சொல்லு?"

பேசலாம்னு சொன்னியேய்யா. பாப்பாவைப் பத்தி.

ஒரு ஸ்ட்ராவை உருவினான். பிறகு மற்றதையும்.

காத்திருந்தாள். மூச்சு முட்டும் என்று காத்திருந்தாள். முட்டவில்லை. மூச்சே தேவைப்படவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அடுக்குமாடித் தோட்டத்தில் ஆரஞ்சு விளக்குகள் எரிந்தன. வெயில் இன்னும் முழுக்க இறங்கவில்லை. தெர்மோகோல் கல்லறைகளுக்கு நடுவில் வெள்ளைப் புடவை கட்டி, சாம்பல் சாயம் பூசி, ஜெயஸ்ரீயை நிறுத்தியிருந்தான். கண்களைத் திறந்தே வைத்திருந்தான். இமைக்க முடியவில்லை. பிள்ளைகள் ஓடி வந்து விரலைத் தொட்டுவிட்டு வீறிட்டு ஓடினார்கள். தொட்டதைப் பார்த்தாள். உணரவில்லை.

ஷெர்லின் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "யம்மா! வெற்றியண்ணே, உசுரோட நிக்குத மாதிரில்லா இருக்கு! ஜெயாக்கா, அப்படியே உங்க முகம்."

"நானா?" என்றாள் வெற்றியின் பக்கத்தில் நின்றவள். கடுகு நிறப் புடவை. தலை நிறையக் கனகாம்பரம். இடது புறங்கையில் ஆறிய தீக்காயத் தழும்பு. "நா இவ்ளோ கலீஜாவா கீறேன்?" என்று சொல்லிச் சிரித்தாள். ஷெர்லின் சிரித்தாள். பிள்ளைகளும் சிரித்தார்கள். வெற்றி அவள் தோளில் கை போட்டிருந்தான். மோகினியின் கண்களை மட்டும் அவன் பார்க்கவில்லை.

அப்போது ஷெர்லினின் குழந்தைக்குப் பசித்தது. முகம் சுருங்கி, வாய் திறந்து, அழுதது.

ஜெயஸ்ரீயின் உள்ளே எங்கோ ஒன்று இழுத்தது. கல்லுக்குள்ளிருந்து. வலித்தது.

"ஆன்ட்டி, பேய்க்கு நெஞ்சு நனையுது," என்றான் ஒரு பையன்.

வெள்ளைப் புடவையில் இரண்டு ஈர வட்டங்கள். விரிந்தன. சேர்ந்தன. இறங்கின. "ரெசின் காயல போல," என்று சொல்லிக்கொண்டே வெற்றி பக்கத்து மண்டை ஓட்டின் வலையை உருவி எடுத்து அவள் மேல் போட்டான். முகத்தின் மேலேயும். வலைக்கண்களின் வழியே பார்த்தாள்: கனகாம்பரக்காரி குழந்தையைக் கையில் வாங்கித் தூக்கிப்போட்டுப் பிடித்தாள், சிரித்தாள், மறுபடியும் தூக்கிப்போட்டாள். குழந்தை இன்னும் வீறிட்டது.

எல்லோரும் கேக் வெட்ட உள்ளே போனார்கள். அழுகை மட்டும் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது.

கல்லறைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பூனைக்குட்டி வந்தது. மோகினியின் பாதத்தை மோந்து பார்த்தது. புடவை விளிம்பிலிருந்து சொட்டிப் புல்லில் தேங்கியதை, கண்ணை மூடிக்கொண்டு, நக்கிக் குடிக்கத் தொடங்கியது.