மகளின் தலையணைக்கடியில் வைத்த அட்டை

புது அட்டை இவ்வளவு வெள்ளையாக இருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை.

ரசாயன ஆலையில் பாதுகாப்புக் கண்காணிப்பு அவள் வேலை. தொழிலாளிகள் மாதம் முழுக்கச் சட்டையில் குத்தியிருக்கும் அட்டைகள், காற்றில் நஞ்சு பட்டால் பழுப்பேறும். மாதக் கடைசியில் நஞ்சே படாத ஓர் அட்டையோடு அவற்றை ஒப்பிட்டு, வித்தியாசத்தை அறிக்கையில் எழுத வேண்டும். ஒப்பீட்டு அட்டையை ஆலையில் வைத்தால் அதுவும் நிறம் மாறுமே என்று, பெரிய கெட்டிக்காரியாட்டம் வீட்டுக்குக் கொண்டுபோய் மகளின் தலையணைக்கடியில் வைத்திருந்தாள். எட்டு மாதமாக வித்தியாசம் பூஜ்யம். மேனேஜருக்கு அவள்மேல் கொள்ளைப் பிரியம்.

இன்று புது அட்டைக் கட்டைப் பிரித்தபோது ஓர் அட்டை கைதவறிப் பழையதன் பக்கத்தில் விழுந்தது. பழையது டிகாக்‌ஷன் நிறம். தொழிலாளிகளின் அட்டைகளும் அதே நிறம்தான். எட்டு மாதமாகக் கறையைக் கறையோடு ஒப்பிட்டு, ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறாள்.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே? வழக்கம்போல பூஜ்யம்தானே?" என்றார் மேனேஜர்.

"வீடு வரைக்கும் போயிட்டு வந்துடறேன் சார்."

புதுக் கட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

"இப்பதான் தூங்கினா. இருமல்தான் நிக்க மாட்டேங்குது," என்று சொல்லிவிட்டு, மகளைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்கா கிளம்பினாள். கதவைச் சாத்தியதும் குழாய் சொட்டுவதும், மின்விசிறி கிறீச்சிடுவதும், உள்ளறையில் மகள் மூச்சு இழுப்பதும் தனித்தனியாகக் கேட்டன. ஈரத்துணி வாடைக்கு அடியில், அழுகப்போகும் பழத்தின் தித்திப்பாக, ஆலையின் வாசனை இருந்தது. அது தன் மூக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

சமையலறையில் ஓர் அட்டை வைத்தாள். ஜன்னலில் ஒன்று. தலையணைக்கடியில் ஒன்று. அம்மா வாசனை இல்லாமல் தூக்கம் வராது என்று மகள் தினமும் கட்டிக்கொள்ளும் அவளுடைய ஆலைக் கோட்டின் மேல் ஒன்று. கோட்டுதான் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதை எரித்துவிடலாம். எரித்தால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும்.

பத்து நிமிடம் காத்திருந்தாள்.

சமையலறை அட்டை வெள்ளை. ஜன்னலில் வெள்ளை. தலையணைக்கடியில் வெள்ளை.

கோட்டின் மேலும் வெள்ளை.

போன உயிர் திரும்பி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கட்டிலில் மகளின் முகத்தருகே உட்கார்ந்து, கோட்டு அட்டையைக் கையில் எடுத்தாள்.

மகள் இருமினாள்.

அட்டையின் ஓரம் பழுப்பேறியது.

மகள் மூச்சை இழுத்தாள். கறை நின்றது. விட்டாள். பரவியது.

மறுபடி. இன்னும் கொஞ்சம்.

  

மகள் கண் விழித்தாள். அம்மாவைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஐ! கலர் மாறுது!"

கன்னம் உப்ப ஊதினாள். அட்டை முழுக்கக் கறுத்தது.

"இன்னொண்ணு குடும்மா."