பென்சிலுக்கு முந்திய சத்தம்

பென்சில் வால்வின் மீது படுவதற்குள்ளேயே ஸ்பீக்கரில் 'டங்' என்று கேட்டுவிட்டது.

வால்வு அக்கா கையை நிறுத்தினாள். பென்சில் முனைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இன்னும் ஒரு விரலிடை இருந்தது. காலையிலிருந்து குனிந்தே உட்கார்ந்திருந்ததில் காது விளையாட்டுக் காட்டுகிறது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு மறுபடி தட்டப் போனாள். மறுபடியும் சத்தம் முந்திக்கொண்டது.

கித்தார் வாசிக்கிற எல்லோருக்கும் அவள் வால்வு அக்காதான். பழைய ஆம்ப்ளிஃபயர்களைப் பிரித்துச் சரிசெய்வது அவள் பிழைப்பு. கித்தார் கம்பி தானாகக் கொடுப்பது ஒரு கொசுவின் ரீங்காரம் அளவுதான். அதை முதலில் பல்பு போன்ற சின்னக் கண்ணாடி வால்வுகள் தூக்கிவிடும்; குமிழ்கள் அடிக்குரலையும் கீச்சுக்குரலையும் கூட்டிக் குறைக்கும்; பெரிய வால்வுகள் பலம் சேர்த்து ஸ்பீக்கருக்கு அனுப்பும். அளவோடு அனுப்பினால் குரல் சுத்தமாக வரும். அளவுக்கு மேல் தள்ளினால் வால்வு தாங்காமல் ஒலியலையின் தலையைச் சீவிவிடும். அந்தச் சீவலில் பிறக்கும் கரகரப்புக்குத்தான் கித்தார்க்காரர்கள் உயிரை விடுகிறார்கள். வயதான வால்வு சில நேரம் மைக் போல ஆகி, அறையில் கேட்பதையெல்லாம் ஸ்பீக்கரில் கொட்டும். அது எந்த வால்வு என்று கண்டுபிடிக்கத்தான் பென்சிலால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பது.

இந்த ஆம்பைக் கொண்டுவந்த ஒல்லிக் கித்தார்க்காரன் அதை வாசலில் இறக்கியதோடு சரி. உள்ளே வரவே மறுத்தான்.

"நான் வாசிக்கறதுக்கு முன்னாடியே அது வாசிக்குதுக்கா."

"நல்லதுதானே? எங்க தப்பு பண்ணப் போறன்னு முன்னாடியே தெரிஞ்சிடும்ல."

அவன் சிரிக்கவில்லை. "எனக்கு வேணாம், நீங்களே வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். அப்போது அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

இப்போது வேடிக்கையாக இல்லை. மூன்றே முறை தட்டுவது என்று மனதுக்குள் முடிவு செய்தாள். உடனே ஸ்பீக்கர் நான்கு முறை ஒலித்தது. அவள் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. பென்சில் விரல்களிலிருந்து நழுவி வால்வின் மேலேயே விழுந்தது. நான்கு.

வெளியே மழை மூட்டத்தில் ஐந்து மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. பாதி இறக்கியிருந்த ஷட்டருக்கு அடியில் தெருவின் ஈர வாடை நுழைந்து, வால்வுச் சூட்டில் பொசுங்கும் தூசியின் நெடியோடு கலந்து தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. வால்வுகளின் ஆரஞ்சு வெளிச்சத்தில் மேஜை மேல் கிடந்த குறடுகளின் நிழல்கள் சுவரில் ஏறி நின்றன. ஸ்பீக்கருக்குள் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு முனகுவது போல 'ம்ம்ம்' என்ற ஓசை விடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த முனகலுக்கு நடுவே உள்ளறைக் கதவு கிறீச்சிட்டது. ஸ்பீக்கரில்தான். அவள் திரும்பிப் பார்த்தபோது கதவு சாத்தியே இருந்தது. "அம்மா, பென்சில் சீவிக் குடு" என்று மகளின் குரல் வந்தது. அதுவும் ஸ்பீக்கரில்தான். பென்சில் பிடித்த கையை ஆம்புக்குள்ளிருந்து எடுக்காமலே அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். ஒரு நிமிடம் கழித்து நிஜக் கதவு கிறீச்சிட்டது.

"அம்மா, பென்சில் சீவிக் குடு."

ஏழு வயதுக் குட்டி, தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் டேப்புக்கு அந்தப் பக்கமே நின்றாள். திறந்த ஆம்புக்குள் நானூறு வோல்ட் ஓடும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்கள் அதைத் தேக்கி வைத்திருக்கும். அதனால் இந்தக் கடையில் இரண்டு சட்டங்கள் உண்டு. குட்டி டேப்பைத் தாண்டக் கூடாது. அம்மா ஆம்புக்குள் வலது கையை விட்டால் இடது கை அவள் மாட்டியிருக்கும் வேலைக் கோட்டுப் பையில் இருக்க வேண்டும். இரண்டு கையும் ஒன்றாகப் பட்டால் ஷாக் நெஞ்சு வழியாகத்தான் போகும்.

"கை பைல இல்லம்மா!" என்று குட்டி அதட்டினாள். அம்மாவைக் கண்டிக்கக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு. அதை அவள் விடவே மாட்டாள்.

வால்வு அக்கா சிரிக்கப் பார்த்தாள். உதடு ஒத்துழைக்கவில்லை. பென்சிலைச் சீவிக் கொடுத்து அனுப்பினாள்.

கதவு சாத்தியதும் ஸ்பீக்கரில் செருப்புச் சத்தம் கேட்டது. சின்னச் செருப்பு. ஈரத் தரையில் சப் சப்பென்று ஓடி வந்தது.

"அம்மா, பூட்டியிருக்கு." ஏதோ வழுக்கும் சத்தம். "அம்மா, கை!"

பிறகு ஓர் அலறல்.

அலறல் வந்த வேகத்தில் வால்வுகள் திணறி அதன் தலையைச் சீவிவிட்டன. வாழ்நாளெல்லாம் அவள் ரசித்துக் கேட்ட அதே கரகரப்பு. யாருடைய குரல் என்றே தெரியவில்லை. சின்னக் குரலா, பெரிய குரலா என்றுகூடத் தெரியவில்லை. கடைசியில் தரையில் ஏதோ விழுந்தது.

குட்டிதான். குட்டி கையை உள்ளே விட்டுவிடப் போகிறாள். பெற்றவளுக்கு வேறு என்ன தோன்றும்? சுவிட்சை அணைத்து ப்ளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு உள்ளறைக்கு ஓடினாள்.

"மாடில அத்தை வீட்டுக்குப் போ. நான் கூப்பிடற வரைக்கும் எறங்கி வரக் கூடாது."

"எதுக்கும்மா?"

"கேள்வி கேக்காத. போ!"

குட்டி ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே ஓடினாள். கூடவே ஓடியிருக்கலாம். ஆனால் திறந்த ஆம்பைச் சார்ஜோடு விட்டுப் போவது என்பது இருபது வருடத் தொழிலில் அவள் ஒருநாளும் செய்யாதது. சார்ஜை வடித்துவிட்டால் அது செத்த பாம்பு. அப்புறம் குட்டியை ஒன்றும் செய்ய முடியாது.

ப்ளக் தரையில் கிடந்தது. வால்வுகள் அணையவில்லை. நிறுத்திய பிறகும் சில விநாடிகள் கனன்றிருக்கும், அது வழக்கம்தான். எண்ணினாள். பத்து. முப்பது. அறுபது. வெளிச்சம் கூடிக்கொண்டே போனது.

இடது கை பைக்குள். வலது கையில் சார்ஜ் வடிக்கும் வயர். குனிந்தாள். கையை உள்ளே விட்டாள்.

ஸ்பீக்கர் பேசியது. கரகரப்பே இல்லை. பக்கத்தில் நின்று பேசுவது போல அவ்வளவு சுத்தம்.

"அம்மா. எந்திரிம்மா."

விசும்பல்.

"எந்திரிம்மா."

குட்டி அழுகிறாள். அப்படியானால் விழுந்தது குட்டி இல்லை. அந்த ஒரு நொடி அவளுக்கு வந்தது சந்தோஷம்தான்.

அப்புறம் பயம் வந்தது. கையை எடு. எடு. விரல்கள் கேட்கவில்லை.

சப். சப். சப்.

இது ஸ்பீக்கரில் இல்லை.

"அம்மா, பூட்டியிருக்கு."

ஷட்டருக்கு அடியில் நுழைந்து, மழையில் சொட்டச் சொட்ட நனைந்தபடி குட்டி ஓடி வந்தாள். ஈரச் செருப்பு மஞ்சள் டேப்பின் மேல் வழுக்கியது. சின்னக் கைகள் இரண்டும் முன்னால் நீண்டன. ஆம்பை நோக்கி.

யோசிக்க நேரமில்லை. அவள் தோளால் குட்டியை இடித்துத் தள்ளினாள். குட்டி பின்னால் சரிந்து டேப்புக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். அடிபடவில்லை. எதுவும் படவில்லை.

இடித்த வேகத்தில் அவளும் சாய்ந்தாள். விழாமல் இருக்க எதையாவது பிடிக்க வேண்டும். வலது கை இன்னும் உள்ளே. எதிரே ஆம்பின் இரும்புச் சட்டம். தரையில் ப்ளக். வால்வுகள் வெள்ளையாக எரிந்தன. ஸ்பீக்கர் முனகலை நிறுத்தியிருந்தது.

குட்டியின் கண்கள் அவள் கோட்டுப் பையைப் பார்த்தன. பை காலியாகத் தொங்கியது.

"அம்மா, கை!"